தண்ணீர் போகிற வழியே நடங்கள்: தாமிரபரணிக் கரையில் நடையும் சாப்பாடும்

கேள்வி இது: "சில வருடங்கள் இங்கிலாந்தில் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியிருக்கிறோம். அங்கே வார இறுதியில் வயல்வெளிப் பாதைகளில் நடந்து, வழியில் ஒரு பப்பில் சாப்பிட்டுவிட்டு வருவது பழகிப்போனது. தமிழ்நாட்டில் அப்படி நடக்க இடம் உண்டா? மலையேற்றம் வேண்டாம், ரிசார்ட் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். பத்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். சைவம் அசைவம் இரண்டும் சாப்பிடுவோம்."

உண்டு. ஆனால் அங்கே இருப்பதுபோல அம்புக்குறி போட்ட பாதையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். இங்கிலாந்தில் ஒருவருடைய வயலின் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில்கூட யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. வரைபடத்திலும் அந்தப் பாதை இருக்கும். நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை. நம்மிடம் இருப்பது வாய்க்கால் கரையும் குளத்துக் கரையும். நெல் விளைகிற எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் ஓடுகிற வழிநெடுக ஒரு மண்கரை இருக்கும். வயலுக்குப் போகிறவர், மாடு பத்திக்கொண்டு போகிறவர், குளிக்கப் போகிறவர் எல்லாரும் காலங்காலமாக அதில்தான் நடக்கிறார்கள். நடப்பதற்கென்று ஊர் தேடும்போது நான் முதலில் பார்ப்பது இந்தக் கரை இருக்கிறதா என்பதைத்தான். கரை இருந்தால் பறவை இருக்கும், படித்துறை இருக்கும், ஓரளவு நிழலும் இருக்கும். நெல் விளைகிற ஊரில் சோறும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

காவிரிப் பாசனத்தில் இப்படி எத்தனையோ வாய்க்கால்கள் உண்டு. கோபிசெட்டிபாளையத்தில் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் அழகானவை. கம்பம் பள்ளத்தாக்கும் சோடையில்லை. இருந்தாலும் ஓர் இடம்தான் சொல்ல வேண்டும் என்றால் தாமிரபரணியைச் சொல்வேன். இதில் ஊர்ப்பாசம் கொஞ்சம் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை. பாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் காரணங்கள் மிஞ்சும். தஞ்சைச் சமவெளியில் இரண்டு மணி நேரம் நடந்தால் கண் எட்டும் தூரம்வரை ஒரே மட்டமாகத்தான் இருக்கும். இங்கே எந்தக் கரையில் நின்று மேற்கே திரும்பினாலும் மலை நிற்கும். மலையில் ஏறாமலேயே நாள் முழுக்க மலையைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். இன்னொரு காரணம் ரயில். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பாதை இந்த ஊர்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டு போகிறது: சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம், தென்காசி. ஒரு ஸ்டேஷனிலிருந்து நடந்து அடுத்த ஸ்டேஷனில் ரயிலேறித் திரும்பிவிடலாம். பாசஞ்சர் ரயில் நாளுக்குச் சிலதான் ஓடுகிறது. தவறவிட்டால் பேருந்து இருக்கிறது.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நடை ருசிக்கும். பொதிகை மலையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதற்குத் தண்ணீர் தருகின்றன. அதனால்தான் இங்கே கார், பிசானம் என்று இரண்டு நெல் போகம். ஆற்றுக்குக் குறுக்கே பழைய அணைக்கட்டுகள் எட்டு இருக்கின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம். ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால் பிரியும். வாய்க்கால் குளத்தை நிறைக்கும். குளம் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். நீங்கள் நடக்கப்போவது இந்தத் தண்ணீர்க் கணக்கின் மேலேதான். ஒரு மடையருகே நின்று எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று விசாரித்தால் அரை மணி நேரம் பேசுவார்கள். அவசரப்படாதீர்கள், அந்தப் பேச்சும் நடையில் சேர்ந்ததுதான்.

எப்போது வரலாம் என்பது முக்கியம். ஏப்ரல், மே வேண்டாம். வாய்க்கால் அடைத்துக் கிடக்கும், வெயிலும் தாங்காது. நவம்பரும் டிசம்பரின் பெரும்பகுதியும் மழையை நம்பி இருக்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது; தாமிரபரணி கரை மீறி இரண்டு மாவட்டங்களை மூழ்கடித்தது. அந்த மாதங்களில் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் ஆற்றங்கரைக்குக் கிளம்பக் கூடாது. ஜனவரியின் பின்பாதியும் பிப்ரவரியும்தான் என் கணக்கில் முதல் தரம். பிசான நெல் கதிர் வாங்கி நிற்கும், குளங்கள் நிறைந்திருக்கும், வெளிநாட்டுப் பறவைகள் வந்திருக்கும், காலையில் பனி இருக்கும். பிப்ரவரிக் கடைசியில் அறுப்பு தொடங்கினால் அறுத்த வயலில் வாத்துக்கூட்டத்தை மேய்ப்பவர்களையும் ஆட்டுக்கிடை போடுகிறவர்களையும் பார்க்கலாம். இரண்டாவது பருவம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. குற்றாலத்தில் சாரல் விழும், அந்தக் காற்று அம்பை என்கிற அம்பாசமுத்திரம் வரைக்கும் வரும். ஆனால் சனி, ஞாயிறு கூட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள்.

தங்குவதற்கு அம்பாசமுத்திரம் போதும். சாதாரண லாட்ஜுகள்தான், ஆடம்பரம் எதிர்பார்க்க வேண்டாம். ஆற்றுக்கு வடகரையில் அம்பை, தென்கரையில் கல்லிடைக்குறிச்சி, நடுவில் பாலம்.

முதல் நாள் நடை கல்லிடைக்குறிச்சியிலிருந்து கன்னடியன் கால்வாய்க் கரையோடு கிழக்கே வீரவநல்லூர் வரை. வளைவு நெளிவெல்லாம் சேர்த்து ஏழெட்டு கிலோமீட்டர் வரும். காலை ஆறு மணிக்குமுன் கிளம்பிவிடுங்கள். வயிற்றில் ஒரு சுக்குக்காப்பி மட்டும் இருந்தால் போதும். நடந்த பிறகு சாப்பிடுவதா, சாப்பிட்ட பிறகு நடப்பதா என்று கேட்டால், இந்த ஊருக்கு நடந்த பிறகுதான். காரணத்தைக் கீழே சொல்கிறேன். மார்கழியில் வந்தீர்களானால் மட்டும் விதிவிலக்கு. விடியுமுன் பெருமாள் கோயிலில் நெய் வழியும் பொங்கல் கொடுப்பார்கள். பனியில் கை சூடாக வாங்கித் தின்றுவிட்டுக் கிளம்பலாம்.

கல்லிடைக்குறிச்சித் தெருக்களைக் கொஞ்சம் சுற்றிவிட்டுக் கரைக்குப் போங்கள். நீள நீளமான தெருக்கள், திண்ணை வைத்த பழைய வீடுகள். அப்பளத்துக்குப் பெயர்போன ஊர் இது. உளுந்து மாவில் பிரண்டைச் சாறு விட்டு இடித்துப் போடும் அப்பளம். நல்ல வெயில் நாளில் காயப்போட்டிருப்பதைப் பார்க்கலாம். இரண்டு கட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், எடை தெரியாது. தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்பார்கள். அல்வாவுக்கும் இதே விளக்கம்தான் சொல்வார்கள். தண்ணீருக்கும் பங்கு இருக்கலாம். பிரண்டைக்கும் இடிக்கிற கைக்கும் அதைவிடப் பங்கு அதிகம் என்பது என் கட்சி.

கரையில் ஏறியதும் நடையின் வேகம் தானாகக் குறைந்துவிடும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல், இடையிடையே வாழைத் தோட்டம். விடிகிற நேரத்தில் உண்ணிக்கொக்குகள் வயலில் இறங்கும். மடையான் அசையாமல் உட்கார்ந்திருந்து நீங்கள் பக்கத்தில் போனதும் வெள்ளைச் சிறகு காட்டிப் பறக்கும். அதுவரை அங்கே பறவை இருந்தது தெரியாது. மின்கம்பியில் பனங்காடை, பஞ்சுருட்டான், வெண்மார்பு மீன்கொத்தி. நெல் பால் பிடிக்கும் பருவமாக இருந்தால் காலை ஈரத்தில் ஒரு வாசனை வரும். அதை எழுதிக் காட்ட முடியாது. பனைமரங்களில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். கீழே விழுந்து கிடக்கும் பழைய கூடு ஒன்றை மகளுக்கு எடுத்துக் கொடுங்கள், பின்னலைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசாமல் வருவாள். ஆற்றோரமாக நடக்கும் நாளில் அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் கண்ணில் படும். தாமிரபரணியில் இன்னும் இருக்கின்றன. பாறை இடுக்குகளில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முங்கிவிடும்.

காலில் என்ன போடுவது என்று நிறையப் பேர் கேட்பார்கள். ரப்பர்ச் செருப்பு வேண்டாம். கரையில் வேலிக்கருவேல முள் கிடக்கும், ரப்பரைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிடும். அடிப்பகுதி கெட்டியான பழைய ஷூ போதும். கையில் ஒரு கம்பு நல்லது. பாம்பை அடிப்பதற்கு இல்லை, தரையைத் தட்டி நடப்பதற்கு. எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வயலுக்கு வரும். பொழுது சாய்ந்த பிறகு டார்ச் இல்லாமல் கரையில் நடக்காதீர்கள். வரப்பில் இறங்க வேண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணாச்சி, இப்பிடி போலாமா?" என்றால் "தாராளமா போங்க" என்றுதான் சொல்வார். புதிதாக மண் அணைத்த வரப்பில் மட்டும் கால் வைக்காதீர்கள், ஒருவருடைய ஒருநாள் உழைப்பு அது.

வீரவநல்லூர் வந்ததும் ஒன்பது மணி ஆகியிருக்கும், பசி வயிற்றைக் கிள்ளும். பெயர்ப்பலகை பெரிதாக இருக்கும் கடையை விட்டுவிட்டு, விறகடுப்புப் புகை வரும் சின்னக் கடையாகப் பாருங்கள். இந்தப் பக்கத்து இட்லி அரிசியைப் பற்றி ஒரு செய்தி. அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க இட்லிக்குப் பேர்பெற்ற அம்பை 16 என்ற குண்டு ரகம் அங்கே உருவானது. கடை இட்லி அம்பை 16தானா என்று கேட்டுப்பாருங்கள். ஆமென்றால், காலையில் நீங்கள் கடந்துவந்த வயல்களின் சொந்த ஊர் அரிசி. தொட்டுக்கொள்ளப் புளிமிளகாய் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பச்சை மிளகாயை நல்லெண்ணெயில் வதக்கிப் புளியில் சுண்ட வைப்பது. எல்லாக் கடையிலும் இருக்காது, இருந்தால் விடாதீர்கள்.

சாப்பிட்டுச் சற்று இளைப்பாறிவிட்டு, தெம்பிருந்தால் வீரவநல்லூரிலிருந்து வடக்கே திருப்புடைமருதூர் வரை போங்கள்; இல்லாவிட்டால் மினி பஸ், ஆட்டோ. வழியில் அரிகேசவநல்லூர், சங்கீத வித்வான் முத்தையா பாகவதரின் ஊர். திருப்புடைமருதூரில் கடனா நதி தாமிரபரணியோடு கலக்கிறது. நாறும்பூநாதர் கோயிலும் சுற்றியுள்ள பெரிய மருத மரங்களும்தான் ஊரே. மரம் நிறையக் கூடுகள்: சங்குவளை நாரை, வக்கா, கொக்கு, நீர்க்காகம். அரசு 2005-இல் இதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது, ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் காத்துவருகிறார்கள். தலையில் துண்டு போட்டுக்கொண்டு மரத்தடியில் நில்லுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. கோபுரத்தின் உள்ளே ஐந்து நிலைகளிலும் சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. எப்போதும் திறந்துவிட மாட்டார்கள், அனுமதி கேட்டுப் பாருங்கள். பறவை பார்க்க வந்தவர்கள் பலர் இந்த ஓவியங்களைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். பெரிய இழப்பு.

குளியல் இல்லாமல் இந்த நடை முழுமையாகாது. ஆற்றில் குளித்து வந்து உட்கார்ந்தால்தான் இந்த ஊர்ச் சாப்பாடு இறங்கும். ஆனால் எங்கே இறங்கலாம் என்று உள்ளூரில் கேட்காமல் இறங்காதீர்கள். படித்துறையிலேயே ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் உண்டு, அங்கேயே இருங்கள். பாறையும் சுழியும் உள்ள இடங்கள் மேலே பார்க்க அமைதியாக இருக்கும். பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில்தான் விடுதலைப் போராட்ட வீரரும் எழுத்தாளருமான வ.வே.சு. ஐயர் 1925 ஜூனில், அருவியில் தவறிய மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். பாபநாசம் படித்துறையைப் பொறுத்தவரை எனக்கு ஒரு மனக்குறை உண்டு: பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அள்ள அள்ளக் குறையவில்லை. அம்பைக்குக் கீழே உள்ள கிராமத்துப் படித்துறைகள் சுத்தமாக இருக்கும். திருநெல்வேலி நகரத்தைத் தாண்டிய பிறகு ஆற்றில் இறங்க வேண்டாம், சாக்கடை கலக்கிறது.

இப்போது மதியச் சாப்பாடு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். திருநெல்வேலிச் சமையலின் மேலான சரக்கு ஓட்டலில் கிடைக்காது. அல்வா, பரோட்டா என்று இரண்டோடு ஊரைக் கணக்குத் தீர்த்துவிடுகிறார்கள். சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காயை மூன்று தடவை பால் பிழிந்து, கடைசிப் பாலில் காய்களை வேகவைத்து, பாசிப்பருப்பு சேர்த்து, இஞ்சிச் சாறு விட்டு, முதல் பாலை ஊற்றிக் கொதிக்கும் முன் இறக்குவார்கள்; எலுமிச்சை பிழிவது அதற்குப் பிறகு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறும் விருந்து இது. கூடவே இஞ்சிப் பச்சடி இருந்தாக வேண்டும், அத்தனை தேங்காய்ப்பாலும் செரிக்க வேண்டுமே. சொதியை மெஸ்ஸில் எதிர்பார்க்காதீர்கள். முந்தின நாளே சொல்லிவைத்தால் செய்து கொடுக்கும் வீட்டுச் சமையல்காரர்கள் அம்பையிலும் திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள். நீங்கள் தங்கும் இடத்தில் கேளுங்கள்.

உளுந்தஞ்சோறு இதற்கு நேர் எதிர். உடைத்த கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ சேர்த்துக் குழைய வடிப்பது. எள்ளுத் துவையலோடு சாப்பிடுவார்கள். அசைவ வீடுகளில் கோழிக்குழம்பும் ஊற்றிக்கொள்வார்கள். காலையில் எட்டு கிலோமீட்டர் நடந்தவருக்கு இதைப் போன்ற மருந்து கிடையாது. நடக்காமல் சாப்பிட்டால் தூங்கித்தான் எழ வேண்டும். முருங்கைக்கீரையும் நாட்டுக்காய்களும் பருப்பும் அரிசியோடு ஒன்றாக வெந்த கூட்டாஞ்சோறு மூன்றாவது. இந்தச் சாப்பாடெல்லாம் வயலில் வேலை செய்த உடம்புக்கென்று அமைந்தது. வெறும் வயிற்றில் நடந்துவிட்டு வாருங்கள் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

அவியல், தீயல் எல்லாம் இங்கே எப்படி வந்தன என்று கேட்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது. கணவாய் வழியே அரிசியும் தேங்காயும் போய்வந்தபோது குழம்புகளும் போய்வந்தன.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது சேரன்மகாதேவியைத் தாண்டிப் போக முடியாது. இரண்டாம் நாள் வீரவநல்லூரிலிருந்து காருகுறிச்சி வழியாகச் சேரன்மகாதேவி வரை நடக்கலாம், ஒன்பது பத்துக் கிலோமீட்டர். வ.வே.சு. ஐயரின் குருகுலம் இந்த ஊரில்தான் நடந்தது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விவகாரம் 1924, 25-இல் தமிழ்நாட்டையே உலுக்கியது. காங்கிரஸ் தலைவர் வரதராஜுலு நாயுடுவும் அப்போது காங்கிரசில் இருந்த பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். பெரியார் காங்கிரசை விட்டு விலகியதற்கு இட்டுச்சென்றவற்றில் இதுவும் ஒன்று. ஒரு பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பது இந்தப் பச்சைப்பசேல் ஊர்களில் அவ்வளவு பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது. இன்று மெஸ்ஸில் இலை போட்டு எல்லாரும் வரிசையாகத்தான் உட்காருகிறோம். கிராமத்துத் தெருக்கள் இன்னும் சாதிவாரியாகத்தான் இருக்கின்றன. நடந்து போகிறவருக்கு அது தெரியும், காரில் போகிறவருக்குத் தெரியாது.

இந்த இரண்டாம் நாள் நடையில் உங்கள் மகளுக்குத்தான் அதிக லாபம். காருகுறிச்சியில் குயவர்கள் சக்கரத்தில் பானை வனைவதைப் பார்க்கலாம். குளத்து மண்தான் மூலப்பொருள். நேற்றுப் பார்த்த குளமும் இன்றைய பானையும் எப்படி ஒன்று என்று அவளே கண்டுபிடிப்பாள். நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலத்தின் ஊரும் இதுதான். சேரன்மகாதேவியிலிருந்து கொஞ்ச தூரத்தில் பத்தமடை, கோரைப்பாய்க்குப் பெயர்பெற்றது. கோரையை இழை இழையாகக் கிழித்து நெய்யும் நயம் பாயைக் கையில் மடித்துப் பார்த்தால் துணி என்றுதான் நினைப்பீர்கள். விலை அதற்கேற்றபடி இருக்கும், பேரம் பேசாதீர்கள்.

மலையடிவாரம் பற்றி ஓர் எச்சரிக்கை. பாபநாசம் சோதனைச்சாவடிக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கே வனத்துறை அனுமதிக்கிற இடத்துக்கு அனுமதிக்கிற நேரத்தில்தான் போக முடியும். குறுக்குவழி காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அடிவாரத்து ஊர்களில்கூட கரடியும் சிறுத்தையும் வருவதுண்டு. ஆகவே அந்தப் பக்கம் விடிந்த பிறகு நடக்கத் தொடங்கி, இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். கடையம் போவதானால் குளத்துக்கரைகள் நல்லவை. பாரதி 1918 முதல் 1920 வரை குடியிருந்த ஊர், செல்லம்மாளின் பிறந்த ஊர்.

சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல்களைப் பற்றியும் உங்கள் காதில் விழுந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பூக்கும்போது அழகுதான். ஆனால் ரீல்ஸ் எடுக்க வருகிறவர்கள் வயலுக்குள் புகுந்து மிதிக்கிறார்கள். விவசாயிகள் எரிச்சலில் இருக்கிறார்கள். கூட்டம் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், விட்டுவிடுங்கள்.

மூன்றாம் நாள் இருந்தால் நான்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். 1994-இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். குளத்தைச் சுற்றிக் கரையில் நடை, நிழல் குறைவு, அதனால் அதிகாலை மட்டும். பூநாரை, ஊசிவால் வாத்து, இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து எல்லாம் ஜனவரி, பிப்ரவரியில் இருக்கும். ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலேயே சங்குவளை நாரைகள் கூடு கட்டியிருக்கும். கீழே விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறார்கள். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: மழை பொய்த்த வருடத்தில் குளம் வறண்டு கிடக்கும், பறவையும் வராது. கிளம்பும் முன் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து தெற்கே, கிழக்கே போகப் போக நெல் மறைந்து பனை வரும். திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி எல்லாம் செம்மண் தேரிக்காடு. பிப்ரவரி, மார்ச்சிலிருந்து பதநீர் இறங்கத் தொடங்கும். காலையிலேயே போய், பனையோலைப் பட்டையில் வாங்கி, அதிலேயே நுங்கு வெட்டிப் போட்டுக் குடிக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து ரோட்டோரம் விற்பதை வாங்காதீர்கள், எத்தனை மணிக்கு இறக்கியது என்று தெரியாது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் சீனிப்பாகு கலந்த போலியும் அதே தட்டில் விற்கும். பனை ஏறுகிறவரின் வீட்டு அடுப்படியிலேயே வாங்குவது உத்தமம்.

அசைவத்துக்குத் தனியே சொல்கிறேன். ஒரு சாயங்காலம் அம்பையிலிருந்து தென்காசிக்கு ரயிலேறி, அங்கிருந்து செங்கோட்டை ரோட்டில் பிரானூர் போங்கள். பார்டர் பரோட்டா என்று பேர்பெற்ற இடம். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி ஊறவிட்டு, பொரித்த கோழியோடு தின்பது முறை. சாரல் காலத்தில் வரிசை நீளும். உண்மையைச் சொன்னால் அதே தரத்தில் பெயரில்லாத கடைகள் அந்த ரோட்டில் பல உண்டு, பரோட்டாக் கல்லைச் சுற்றி ஆள் கூட்டம் இருக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். ஆற்றுமீன், குளத்துமீன் வேண்டுமென்றால் கோடையில் குளம் வற்றும்போதுதான் நிறையக் கிடைக்கும். விரால், கெளுத்தி, கெண்டை எல்லாம் தேங்காய் அரைத்த குழம்பில் நன்றாக இருக்கும். உங்கள் பருவத்தில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

திரும்பும் நாள் சாயங்காலம் திருநெல்வேலி டவுனில் இறங்கிக்கொள்ளுங்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் மாலையில்தான் விற்பனை தொடங்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, புளிக்கவிட்டுக் கிளறுகிற அல்வா. ரவையிலோ மைதாவிலோ செய்ததோடு ஒப்பிடாதீர்கள். ஊருக்குக் கொண்டுபோவதற்குத் தனியாகக் கட்டச் சொல்லிவிட்டு, சூடாக ஒரு நூறு கிராம் இலையில் வாங்கி அங்கேயே நின்று தின்றுவிடுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் இரவில்தான் கிளம்புகிறது. டவுனிலிருந்து ஜங்ஷனுக்கு அந்த நேரத்தில் ஆட்டோவில் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.